விருந்தினராகப் போனோம், விருந்தினரை இழந்தோமா?

 

ஒரே வாரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றிக் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் பல இரவுகள் பேசிக்கொண்டிருந்தோம். முதலாவது, எங்கள் திருமணம் நடந்து முப்பது ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு எங்கள் மகன், சென்னை நகரின் நடுவே உள்ள ஒரு பூட்டிக் ஹோட்டலில் எங்களுக்கு ஓர் இரவுக்கு அறை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது, கண் சிகிச்சைக்காக மேலப்பாளையத்திலிருந்து சென்னைக்கு வந்த எங்கள் பெரியம்மா, பொழிச்சலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வராமல், பல்லாவரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள்.

ஒன்றில் நாங்கள் பணம் கொடுத்து விருந்தினர் ஆனோம். மற்றொன்றில் எங்கள் விருந்தினர் பணம் கொடுத்து எங்களைத் தவிர்த்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

பூட்டிக் ஹோட்டல் என்பது என்ன?

பெரிய நட்சத்திர ஹோட்டல்களில் நூற்றுக்கணக்கான அறைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பூட்டிக் ஹோட்டலில் அறைகள் குறைவு. ஒவ்வோர் அறையும் தனி அலங்காரத்தோடு இருக்கும். லண்டனில் 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிளேக்ஸ், நியூயார்க்கில் 1984ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மோர்கன்ஸ் ஆகிய இரண்டும் இவ்வகைக்கு முன்னோடிகள் என்பார்கள். நம் பகுதியில் புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்பு வீடுகளும், செட்டிநாட்டின் பெரிய வீடுகளும் இவ்வாறு தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. சென்னையிலும் பழைய பங்களாக்கள் சில அப்படி மாறியிருக்கின்றன.

நாங்கள் தங்கியதும் அத்தகைய ஒரு பழைய பங்களாதான். ஆத்தங்குடித் தளம், தேக்குத் தூண், முற்றத்தில் பவளமல்லி மரம். அழகாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஓர் அழகிய அறையில் ஓர் இரவு தங்குவதை ஹராம் என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

தங்கும் விடுதியைப் பற்றிய பேச்சு குர்ஆனிலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டோம். சூரா அந்நூரின் 27ஆம் வசனம் முதல், பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்ற ஒழுக்கம் சொல்லப்படுகிறது. அதையடுத்து 29ஆம் வசனத்தில், எவரும் நிரந்தரமாகக் குடியிராத, நமக்குப் பயன்படும் இடங்களில் நுழைவது குற்றமாகாது என்று சலுகை தரப்படுகிறது. அவ்விடங்கள் யாவை என்பதற்கு விளக்கம் தந்த முஃபஸ்ஸிர்களில் பலர், வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களையே முதலில் குறிப்பிட்டார்கள். இன்றும் அரபு மொழியில் ஹோட்டலுக்குப் பெயர் ஃபுந்துக். வணிகரும் பயணிகளும் தங்கிய அந்த ஃபுந்துக் என்ற சொல்லைத்தான் இத்தாலிய வணிகர்கள் ஃபொந்தாக்கோ என்று எடுத்துச் சென்றார்கள். ஆகவே, காசு கொடுத்துத் தங்குவது நம் மார்க்கத்துக்கு அந்நியமான வழக்கம் அல்ல.

ஒரு சிறு ஐயமும் அன்று எழுந்தது. இஷா தொழுகையைக் கஸ்ராக, அதாவது நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாமா என்று மகன் தொலைபேசியில் கேட்டார். கூடாது. பொழிச்சலூரிலிருந்து அந்த ஹோட்டல் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. கஸ்ருக்கான தூரம் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஹோட்டல் படுக்கையில் படுத்த காரணத்தால் மட்டும் ஒருவர் முஸாஃபிர் ஆகிவிடுவதில்லை. இந்தச் சட்டத்தில் ஒரு பாடமும் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. பயணியின் சலுகை, பயணத்தின் சிரமத்துக்குத்தான், சொகுசுக்கு அல்ல.

அந்த அறையில் நாங்கள் கண்டவை

முதலில் சிரமங்களைச் சொல்லிவிடுகிறோம், போக எண்ணுவோருக்குப் பயன்படும். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இடையே சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் இல்லை, காகிதம் மட்டுமே. சிறிய குளிர்சாதனப் பெட்டியில் மதுப்புட்டிகள். தொழ நின்றால் எதிரே கண்ணுக்கு நேராக ஒரு சிலை. கிப்லா எந்தத் திசை என்று வரவேற்பறையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. இவற்றுள் எதுவும் பெரிய குற்றமில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருந்தால் மதுப்புட்டிகளை எடுத்திருப்பார்கள். கழிப்பறைக்கு ஒரு குவளையும் வைத்திருப்பார்கள். கேட்காதது எங்கள் தவறு.

எங்களில் கணவர், அறை வாடகையைக் கேட்டது முதலே முகம் சுளித்தபடி இருந்தார். இரண்டு இரவு வாடகை, எங்கள் தெருவில் ஒரு சிறு வீட்டின் ஒரு மாத வாடகைக்குச் சமம். இது இஸ்ராஃப், வீண்விரயம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்களில் மனைவி, காலையில் முற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது சொன்ன ஒரே வாக்கியம் அந்தப் பேச்சை நிறுத்தியது: “முப்பது வருஷத்துல, நான் எழுந்திரிச்சு அடுப்பு பத்த வைக்காம டீ குடிக்கிறது இன்னைக்குத்தாங்க.”

அதற்குக் கணவரிடம் மறுமொழி இல்லை. விருந்தோம்பல் நம் சமுதாயத்தின் பெருமை என்று மேடைகளில் பேசுகிறோம். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினருக்குத் தெரியாமல் மெல்ல எழுந்து போய், கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து அவர்களுக்கு அருகிலேயே வைத்த நிகழ்ச்சியைச் சூரா அத்தாரியாத்திலிருந்து எடுத்துச் சொல்கிறோம். விருந்தினருக்குப் போதிய உணவு இல்லாதபோது, பிள்ளைகளைத் தூங்க வைத்து, விளக்கை அணைத்து, தாங்களும் உண்பது போலப் பாவனை செய்த அன்ஸாரித் தம்பதியைக் கண்ணீரோடு நினைவுகூர்கிறோம். அந்த விளக்கை அணைத்தவரும், பிள்ளைகளைப் பசியோடு தூங்க வைத்தவரும் ஒரு பெண்தான் என்பதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். ‘வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுத்தான் போக வேண்டும்’ என்று வாசலில் அழைப்பவர் ஆண். அடுப்பின் முன் நிற்பவர் பெண். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நிற்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை நாம் சுன்னத்துகளின் பட்டியலில் எத்தனையாவதாக வைத்திருக்கிறோம்?

ஆகவே, அந்த ஓர் இரவு வீண்விரயம் என்று இப்போது எங்களில் எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஓய்வை ஹோட்டல் கொடுக்கும்வரை வீட்டில் எவரும் கொடுக்கவில்லை என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

உடைந்த கிண்ணம்

காலை பத்து மணியளவில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், எங்களைப் பார்த்ததும் தயங்கி நின்றார். “அம்மா, நீங்க பொழிச்சலூர்தானே?” என்றார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். பேருந்து நிறுத்தத்தில் பலமுறை பார்த்த முகம். காலை ஆறு மணிக்கு முன்பே பேருந்து ஏறி, பல்லாவரத்தில் மின்சார ரயில் பிடித்து வேலைக்கு வருபவர். எங்கே வேலை செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள் சுத்தம் செய்கிறாராம்.

முந்தைய இரவு எங்கள் கை தவறி மேசையிலிருந்த ஒரு பீங்கான் கிண்ணம் உடைந்திருந்தது. துண்டுகளைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்திருந்தோம். அதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. “நீங்கதான் ஒடச்சீங்கன்னு கீழ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்கம்மா” என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. கீழே சென்று சொன்னோம். கிண்ணத்தின் விலையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது, மூலையிலிருந்த மேசையை அவர் நகர்த்தி, ஒரு தொழுகை விரிப்பு போடுமளவு இடம் உண்டாக்கியிருந்தார். முன்பு தங்கிய ஒரு முஸ்லிம் மூதாட்டி அப்படிக் கேட்டாராம். அன்றிலிருந்து தலையில் முக்காடிட்டவர்கள் வந்தால் அவரே செய்துவிடுவாராம். அந்த ஹோட்டலில் எங்களுக்குக் கிடைத்த உண்மையான விருந்தோம்பல் அதுதான். அதற்கு எங்கள் ரசீதில் விலை எழுதப்படவில்லை.

உடைந்த கிண்ணத்தைப் பற்றி நினைக்கும்போது இப்னு பதூதா நினைவுக்கு வருகிறார். 1325ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில் தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரைக்கும் வந்தார். மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கினார். அவர் சென்ற ஊர்களில் பலவற்றிலும் தங்குமிடமும் உணவும் வக்ஃபு அறக்கட்டளைகளால் கிடைத்தன. டமாஸ்கஸ் நகரில் அவர் கண்ட ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு தெருவில் விழுந்து உடைந்துவிட்டது. கூடியவர்கள் அவனைத் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லி, பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, புதிய தட்டு வாங்கப் பணம் கொடுத்தார். எசமானன் அடிப்பானே என்று ஒரு பணியாளனின் மனம் உடையக் கூடாது என்பதற்காக ஒரு நகரத்து மக்கள் சொத்தை எழுதி வைத்திருந்தார்கள்.

பயணியைப் பேணுவது மட்டுமல்ல, பயணியைப் பேணுபவரைப் பேணுவதும் விருந்தோம்பலில் அடங்கும் என்பதை அக்காலத்து முஸ்லிம்கள் அறிந்திருந்தார்கள். நாம் ஹோட்டலில் தங்கும்போது ஈரத் துண்டைத் தரையில் வீசிவிட்டுப் புறப்படுகிறோம். காலை உணவு மேசையில் தட்டு நிறைய அள்ளி, பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுகிறோம். காசு கொடுத்திருக்கிறோம் என்ற எண்ணம் நம் ஒழுக்கத்துக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறது.

பெரியம்மா ஏன் வரவில்லை?

இனி, சொல்லக் கூச்சப்படும் செய்திக்கு வருகிறோம். பெரியம்மா லாட்ஜில் தங்கியிருப்பது அவர்கள் ஊர் திரும்பும் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஜன்னல் இல்லாத அறை. கண்ணில் கட்டோடு கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டதற்கு, “ஒங்களுக்கு எதுக்குமா சிரமம்?” என்று மட்டும் சொன்னார்கள்.

வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் இருவருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வந்து தங்கியபோது, எங்கள் வீட்டின் இரண்டு படுக்கையறைகளில் ஒன்றை ஒழித்துக் கொடுத்தோம். நான்காம் நாள், ‘எப்போது கிளம்புவார்கள்?’ என்று எங்களில் ஒருவர் தொலைபேசியில் மகளிடம் கேட்டது அடுத்த அறைக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை, வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வருபவரைப் பேணுவதே விருந்தோம்பல். திருக்குறளின் 9ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். நாமோ புதியவர் இருக்கட்டும், சொந்தப் பெரியம்மாவையே லாட்ஜுக்கு அனுப்பிவிட்டோம். எங்கள் ஊரில் முற்றமும் திண்ணையும் வைத்த வீட்டில் இருபது பேர் பாய் விரித்துப் படுத்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று அதே திண்ணையும் முற்றமும் பூட்டிக் ஹோட்டலாக மாறி நிற்கும்போது, பணம் கொடுத்துப் போய் அமர்ந்து, கைப்பேசியில் படம் எடுத்து உறவினர் குழுவில் பகிர்கிறோம். அந்தப் படம் பெரியம்மாவின் கைப்பேசிக்கும் போயிருக்கிறது. கண் கட்டு அவிழ்ந்த பிறகு பார்த்திருப்பார்கள்.

இடம் இல்லை என்பதும் முழு உண்மையில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்தபோது, ஆற்றை ஒட்டிய நம் பகுதி தத்தளித்தது. விமான நிலையமே சில நாள்கள் மூடப்பட்டது. அன்று மாடி வீடு வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் பெயர்கூடத் தெரியாதவர்களைத் தங்க வைத்தன. சென்னையின் பள்ளிவாசல்கள் சமயம் பாராமல் கதவைத் திறந்து வைத்தன. எங்கள் வீட்டின் இதே இரண்டு அறைகளில் அன்று பதினோரு பேர் தங்கினோம். வீடு அன்றும் இதே அளவுதான்.

என்ன செய்யலாம்?

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துப் பேசிய நபி (ஸல்) அவர்கள், அதே ஹதீஸில் ஒரு வரம்பையும் கற்பித்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு. விருந்து மூன்று நாள்கள். அதற்குமேல் செய்வது தர்மம். வீட்டாருக்குச் சங்கடம் உண்டாகும்வரை தங்கியிருப்பது விருந்தினருக்கு ஆகாது. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள வழிகாட்டுதல் இது. இதில் வீட்டாருக்கும் கடமை உண்டு, விருந்தினருக்கும் கடமை உண்டு. இந்த வரம்பை வெளிப்படையாகப் பேசாமல் மனத்துக்குள் முணுமுணுப்பதால்தான் வாசல்கள் அடைபடுகின்றன. ‘மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்குங்கள், அதற்குமேல் சிகிச்சை நீண்டால் பக்கத்தில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்து, சாப்பாட்டை நாங்கள் அனுப்புகிறோம்’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பெரியம்மா மனம் நொந்திருக்க மாட்டார்கள். வருபவரும் பருப்பு, ரசம், முட்டை என்று இருப்பதை உண்ணப் பழக வேண்டும். வீட்டு ஆண்கள் படுக்கை விரிப்பது முதல் பாத்திரம் கழுவுவது வரை பங்கேற்க வேண்டும். பிரியாணி இல்லாவிட்டால் விருந்தே இல்லை என்ற எண்ணம்தான் நம் பெண்களை விருந்தினரைக் கண்டு அஞ்ச வைத்திருக்கிறது.

ஹோட்டலில் தங்க வசதியுள்ளவர்கள் தாராளமாகத் தங்கட்டும். கிப்லா, கழிப்பறைத் தண்ணீர், மதுப்புட்டிகள் பற்றி முன்பே பேசிக்கொள்ளுங்கள். உண்ணும் அளவு மட்டும் எடுங்கள். புறப்படும்போது அறையைச் சுத்தம் செய்தவரின் கையிலேயே ஒரு தொகையைக் கொடுங்கள். படத்தைப் பகிரும் முன், அதைப் பார்க்கப் போகிறவர்களில் நாம் வீட்டுக்கு அழைக்க மறந்தவர் யாராவது உண்டா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் ஆகிய ஊர்கள் விமான நிலையத்தின் வாசலில் இருக்கின்றன. குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைகளும் தொலைவில் இல்லை. 2022ஆம் ஆண்டு தமிழக ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏறினார்கள். 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நிலையமானது. ஹாஜிகளை வழியனுப்ப வரும் கிராமத்துக் குடும்பங்களும், நோயாளிகளுடன் வரும் துணையாளர்களும் ஓர் இரவு தலைசாய்க்க இடம் தேடி அலைகிறார்கள். புதுக் கட்டடம் எழுப்ப வேண்டாம். ஓர் அறையை மாதத்தில் இரண்டு இரவு தர முன்வரும் வீடுகளின் பட்டியல் ஒன்று பள்ளிவாசல் அலுவலகத்தில் இருந்தால் போதும். ஐம்பது வீடுகள் சேர்ந்தால் மாதம் நூறு இரவுகள். முற்காலத்தில் முஸாஃபிர்கானாக்களை எழுப்பிய செல்வந்தர்களின் நன்மையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் மறு பரிசோதனை இருக்கிறது. தொலைபேசியில் அழைத்தோம். அன்று நாங்கள் பேசியதை அவர்கள் கேட்டிருந்தால் எங்களை மன்னிக்க வேண்டும் என்று சொன்னோம். சற்று நேரம் அந்தப் பக்கம் ஓசை இல்லை. பிறகு, “மூணு நாளுதான் இருப்பேன், நபி சொன்ன கணக்கு” என்று சிரித்தார்கள். அந்த மூன்று நாளும் காலைத் தேநீர் கணவரின் பொறுப்பு என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

கிண்ணம் உடைந்ததற்காகக் கவலைப்பட்ட அந்தச் சகோதரியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். அவர் எங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்தவர். அவருக்கு ஒரு வேளை உணவு பரிமாற வேண்டிய கடன் எங்களிடம் இருக்கிறது.

நம் வீடுகளின் கதவுகளையும், அவற்றுக்குப் பின்னுள்ள உள்ளங்களையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக! விருந்தினருக்காக உழைப்போரின் உழைப்பை அறிந்து, அவர்களுக்குரியதைக் கொடுக்கும் நல்லெண்ணத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.